இஞ்சு மாஸ்டர் வீட்டுத் தியேட்டர்

படத்தில் எல்லாரும் வாயை அசைத்தார்கள். பேச்சு மட்டும் வரவில்லை.

மற்றதெல்லாம் வந்தது. கதவு கிரீச்சென்று திறந்தது. கதாநாயகன் படியேறினான், பூட்ஸ் சத்தம் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கேட்டது. எங்கோ ஒரு பறவை கூவியது. அது சோபாவுக்குப் பின்னாலிருந்து கூவியது. வில்லன் மட்டும் விரலை நீட்டி நீட்டி ஊமையாக மிரட்டிக்கொண்டிருந்தான்.

இஞ்சு மாஸ்டர் ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டினார். பறவை இன்னும் பலமாகக் கூவியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவர் மனைவி, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றபடி. "இவங்க பேசாம இருந்துட்டா பாதிச் சண்டை வரவே வராது."

"கிண்டல் பண்ணாதே. எங்கயோ ஒரு வயர் மாறியிருக்கு."

"வயர் மாறினா பறவைக்கு மட்டும் எப்படிப்பா தெரியும்?" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

மாஸ்டர் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து, டி.வி.க்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை மறுபடி அளந்தார். என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் அளப்பார். தையற்கடை வைத்திருப்பதால் 'மாஸ்டர்' என்பது தெருவே கொடுத்த பட்டம். 'இஞ்சு' மட்டும் மனைவி வழிச் சொந்தங்கள் அதற்கு முன்னால் போட்ட ஒட்டு. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே, வீட்டுச் சொந்தக்காரர் சொன்ன நீளத்தில் ஹால் நாலு இஞ்சு குறைகிறது என்று கண்டுபிடித்தவர். இன்றுவரை அந்த நாலு இஞ்சை மறக்கவில்லை.

இந்த சவுண்டு செட்டுக்குப் பின்னாலும் ஒரு குறை இருந்தது. அது டேப்புக்கு அகப்படாத குறை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மொத்தச் சொந்தமும் மாஸ்டருடைய சகலை வீட்டில்தான் கூடும். சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். பெரிய ஹால், பெரிய டி.வி., சுவருக்குள் பதித்த ஸ்பீக்கர்கள். மாமியார் வருவார், இரண்டு மச்சான்களும் குடும்பத்தோடு வருவார்கள், மாஸ்டரும் கடையைப் பூட்டிவிட்டு வருவார். அவர் போய்ச் சேர்வதற்குள் சோபா நிறைந்திருக்கும். வாசல் பக்கம் செருப்புகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் கிடக்கும். பாதிப் படத்தை அவர் இடது காதால்தான் பார்த்திருக்கிறார்.

அதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒரு ஞாயிறு, திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கம்மா நம்ம வீட்டு டம்ளர்ல ஒரு வாய் காபி குடிச்சதில்லை. யார் வாயைத் திறந்தாலும் அக்கா வீடு, அக்கா வீடு. எனக்கும் ஒரு வீடு இருக்குங்கறதே அவங்களுக்கு மறந்துபோச்சு."

அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த வாரமே மாஸ்டர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "ஒரு ஞாயிறு நம்ம வீட்டுக்கு வாங்களேன். அங்கயும் டி.வி. இருக்கே."

சகலை சிரித்தார். "உங்க வீட்டுல இருக்கறது டி.வி. இல்ல மாஸ்டர், கடுதாசி. சத்தம் வராது, படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்."

மாமியார்கூடச் சிரித்தார்.

"சத்தம்தானே. ஒரு செட்டு வாங்கிப் போட்டாப் போச்சு," என்றார் மாஸ்டர்.

"போடலாம், போடலாம். ஆனா அது சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கற வேலை இல்ல பாருங்க."

மாஸ்டர் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். காஜாவைப் பற்றி ஒரு இன்சூரன்ஸ்காரர் பேசுவதைப் பொறுக்க முடியாது. மறுநாள் காலையே பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், பேரம் பேசி, செட்டை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நடுவில் ஒரு பெட்டி, ஐந்து குட்டி ஸ்பீக்கர், 'டும்' என்று அடிக்க ஒரு பெரிய பேஸ் பெட்டி. கை மாறின சரக்குதான். ஆனாலும் பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்த லட்சணம்தான் இப்போது ஊமையாக நின்றது.

போன் அடித்தது. சகலை.

"என்ன மாஸ்டர், செட்டு வாங்கிட்டீங்களாமே. ஊரெல்லாம் பேச்சு. வீட்டுல பேச்சு வருதா?"

"எல்லாம் வருது," என்றார் மாஸ்டர். சோபாவுக்குப் பின்னால் பறவை கூவியது.

"அப்படின்னா வர்ற ஞாயிறு உங்க வீட்டுலயே வெச்சுக்கலாமா? அத்தைகிட்ட, மச்சானுங்ககிட்ட எல்லாம் சொல்லிடறேன்."

"இந்த ஞாயிறா?"

"முடியலன்னா சொல்லிடுங்க. தப்பே இல்ல. எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா."

"வாங்க," என்றார் மாஸ்டர். போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

மனைவி கரண்டியை இறக்கினாள். "எல்லாருமா? நம்ம வீட்டுக்கா?" அவள் முகம் ஒரு நிமிடம் பள்ளிக்கூடப் பெண்ணின் முகம் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போனாள். பரண்மேல் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. என்றைக்காவது வேண்டும் என்று கட்டி வைத்திருந்த புது டம்ளர்கள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன.

இனி பின்வாங்க வழியில்லை.

மாஸ்டர் செட்டு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"பேச்சு மட்டும் போயிடுச்சா? பிளக்கு முழுசா இறங்கலைங்க," என்றார் கடைக்காரர். "கடைசிவரைக்கும் அழுத்துங்க."

"அழுத்தியாச்சு."

"நடுவுல ஏதாவது இடிக்குதா பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். இடித்தது. எந்த வயர் எங்கே போகிறது என்று குழம்பக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பிளக்கின் கழுத்துக்கும் முந்தின நாள் அவரே ஒரு வெல்வெட் குல்லாய் தைத்துப் போட்டிருந்தார். இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை. ஓரம் மடித்து, இரட்டைத் தையல். அந்த மடிப்பின் கனத்தில் பிளக்கு ஒரு நூலிழை வெளியே நின்றது.

"அப்பா, உலகத்துலயே பிளக்குக்கு உடுப்புப் போட்ட ஆள் நீங்கதான்," என்றாள் மகள்.

குல்லாயைக் கழற்றினார். பிளக்கு 'டக்'கென்று இறங்கியது. வில்லனுக்கு வாய் வந்தது. மாஸ்டருக்கு உயிர் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த வேலையில் இறங்கினார்.

பின்பக்க ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயர்கள் ஹாலின் குறுக்கே பாம்பு மாதிரி கிடந்தன. மனைவி ஒரு தடவை தடுக்கினாள், மகள் இரண்டு தடவை. ஞாயிறன்று மாமியார் தடுக்கினால் அதோடு கதை முடிந்தது. எலக்ட்ரீஷியன் என்றால் ஆணி அடித்து ஒட்டுவான். மாஸ்டருக்கு அது அசிங்கமாகப் பட்டது. திரைச்சீலையின் அதே துணியில் நீளமாக ஒரு பட்டி வெட்டி, மடித்துத் தைத்து, வயரின் நுனியில் ஊக்கைக் குத்தி, பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல் உள்ளே இழுத்துவிட்டார். சுவர் ஓரமாக ஹாலைச் சுற்றி வந்தது பட்டி. வயர் இருப்பதே தெரியவில்லை.

"அழகா இருக்குங்க," என்றாள் மனைவி. மனசாரச் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டியின் ஓரம் லேசாகப் பிதுங்கியது போல இருந்தது. நல்ல தையற்காரன் பிதுக்கத்தைப் பார்த்துக்கொண்டு தூங்கமாட்டான். பட்டியை எடுத்து மிஷினில் கொடுத்து, ஓரத்தில் ஒரே சீராக இன்னொரு தையல் ஓட்டினார். தையல் சீராகத்தான் விழுந்தது. பட்டிக்கும் விழுந்தது, வயருக்கும் விழுந்தது.

சுவிட்சைப் போட்டார். 'டுப்' என்றது பெட்டி. சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது.

ஊசி எங்கே வயருக்குள் இறங்கியது என்று கண்டுபிடிக்க, மொத்தத் தையலையும் பிரிக்க வேண்டியதாயிற்று. தான் போட்ட தையலைத் தானே பிரிப்பதைப் போல் ஒரு தண்டனை தையற்காரனுக்கு வேறு கிடையாது. பாதியிலேயே மாஸ்டர் ஓய்ந்துபோனார். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"கடைக்காரர்கிட்டயே கொடுத்துடறேன். நமக்கு இது ஆகாது."

மனைவி துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைத் துடைத்தபடியே இருந்தாள்.

போன் அடித்தது.

"மாஸ்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே," என்றார் சகலை. "கஷ்டமா இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. அதுல வெக்கமே இல்ல. ஞாயிறு வழக்கம்போல எங்க வீட்டுக்கு வந்துடுங்க. உங்க ஸ்டூல் அங்கதான் இருக்கு."

மாஸ்டர் போனை வைத்தார். பெட்டியைத் திறந்து ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வெளியே எடுத்த வேகத்தில் ஒன்று மேஜையில் இடித்துக்கொண்டது.

"இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில வேர்க்குதோ," என்றார்.

தையல் முழுவதும் பிரிந்தது. வயர் ஒட்டப்பட்டது. இந்தத் தடவை பட்டி பிதுங்கிக்கொண்டேதான் இருந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

அடுத்தது பேஸ் பெட்டி. அதைச் சுவர் மூலையில் வைத்தார். படத்தில் குண்டு வெடித்தது. சமையலறையில் பாத்திர அடுக்கு முழுவதும் 'கிணிகிணி' என்று நடுங்கியது. பாத்திரங்களை இறக்கித் தரையில் வைத்தார்கள். அடுத்த குண்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார்.

"உரல் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். "கேக்கணும்னு தோணிச்சு. எங்க வீட்டு ஃபேன் ஆடுது."

மாஸ்டர் கடையிலிருந்து பஞ்சு கொண்டுவந்து, பெட்டிக்கு அடியில் ஒரு கனமான மெத்தை தைத்து வைத்தார். கீழ்வீட்டு ஃபேன் நின்றது. அதாவது ஆடுவது நின்றது.

பிறகு அளவெடுப்பு. ஐந்து ஸ்பீக்கரும் உட்காருகிறவர் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாஸ்டர் மகளை சோபாவில் உட்காரவைத்து, காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிக்கணுமாப்பா?"

"ஆடாம உக்காரு."

சரியான இடம் சோபாவின் நடுவில் விழுந்தது. அங்கே துணியில் கோடு போடும் சாக்பீசால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "இது உன் பாட்டி இடம்," என்றார். "யாரும் உக்காரக்கூடாது."

ஹாலில் ஆள் கொள்ள வேண்டுமே. அதுவரை அது ஹால் என்று பெயரளவில்தான் இருந்தது. பாதி இடம் கடைச் சரக்கு. துணி மூட்டைகள், வெட்டுத் துணிச் சாக்குகள், சுவரில் சாய்த்த துணி ரோல்கள், கட்டில் கொள்ளாத இரண்டு மெத்தைகள். இதையெல்லாம் எடுங்கள் என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். வெள்ளிக்கிழமை மாஸ்டர் எல்லாவற்றையும் அள்ளிக் கடைக்குக் கொண்டுபோனார். ஹால் பளிச்சென்று ஆனது. மனைவி தரையைத் துடைத்துவிட்டு நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "நம்ம வீடா இது," என்றாள்.

'இது... இது...' என்றது ஹால்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் செட்டைப் போட்டார்.

"உன்னை நான் விடமாட்டேன்," என்றான் வில்லன். 'மாட்டேன்... டேன்... டேன்...' என்று சுவர்கள் நாலும் சேர்ந்து சொல்லின. கதாநாயகி அழுதாள், ஏழு கதாநாயகிகள் அழுதார்கள். பாட்டு வந்ததும் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கிணத்துக்குள்ள படம் ஓட்டற மாதிரி இருக்குப்பா."

நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது. மாஸ்டர் சத்தத்தைக் குறைத்தார். கிணறு ஆழமாயிற்று. கூட்டினார். கிணற்றுக்குள் இடி விழுந்தது. ஸ்பீக்கர்களைத் திருப்பினார், தூக்கினார், இறக்கினார். டேப் வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். ஒரு இஞ்சுகூட மாறவில்லை. பேச்சு மட்டும் ஒன்றுக்கு மூன்றாக வந்துகொண்டிருந்தது.

"செட்டு உள்ளுக்குள்ள போயிடுச்சு போல," என்றார் கடைசியில்.

போன் அடித்தது. மாஸ்டர் எடுக்காமல் பார்த்தார். அது விடாமல் அடித்தது.

"ஒண்ணுமில்ல மாஸ்டர்," என்றார் சகலை. "அத்தை கேக்கச் சொன்னாங்க. காதுக்குப் பஞ்சு அவங்களே கொண்டு வரணுமா, இல்ல உங்க கடையிலயே கிடைக்குமான்னு."

"வெறுங்காதோட வரச் சொல்லுங்க," என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை அதைவிடப் பெரிய இடி கடையில் விழுந்தது. மேல்மாடியில் குழாய் உடைந்து, மாஸ்டர் கடைக் கூரை ஒழுகியது. ஒரு மில்லின் காவலாளிகளுக்காகத் தைத்த நாற்பது கம்பளிக் கோட்டுகள், திங்களன்று கொடுக்க வேண்டியவை, இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. நனைவதற்கு முன்பே கண்டுபிடித்தது புண்ணியம். அக்கம்பக்கத்தில் இடமில்லை. வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். வாசலில் மாஸ்டர் தெரியவில்லை. கோட்டு தெரிந்தது.

"எங்க வைக்கப் போறீங்க?"

"தொங்கத்தான் விடணும். மடிச்சா இஸ்திரி போயிடும்."

"நாளைக்கு வர்றவங்க?"

"அவங்களுக்கு இஸ்திரி இல்லையே. மடங்கி உக்காரலாம்."

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். தமாஷ் செய்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் ஒரு பழைய புடவையைக் கிழித்துக் கயிறு திரித்தாள். மகள் ஸ்டூலில் ஏறினாள். ஹாலின் மூன்று சுவர்களிலும் கயிறு கட்டி, கோட்டுகளை நெருக்கமாக வரிசையாகத் தொங்கவிட்டார்கள். சுவரே தெரியவில்லை. தலையில்லாத நாற்பது காவலாளிகள் ஹாலைச் சுற்றி அணிவகுத்து நின்றார்கள்.

"எங்கம்மா முதல் தடவையா வர்றாங்க," என்றாள் மனைவி மெதுவாக. "வந்து பாத்துட்டு, அக்கா வீடே பரவாயில்லைன்னு போகட்டும்."

மாஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செட்டைப் போட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மாமியாரும் கிணறும் அவர் மனசுக்குள் மாறி மாறி வந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். முதலில் மாமியார், பின்னால் மச்சான்கள், அவர்கள் மனைவிமார்கள், பிள்ளைகள். கடைசியில் சகலை, அக்கா, அவர்களுடைய மகள்.

சகலை வாசலிலேயே நின்றார். "என்ன மாஸ்டர், படம் பார்க்கக் கூப்பிட்டீங்களா, சிறையில அடைக்கவா? சுத்தி போலீஸ் நிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"இங்க உக்காருங்க அத்தை," என்று மாமியாரைச் சாக்பீஸ் குறிமேல் உட்காரவைத்தார் மாஸ்டர். மற்றவர்கள் சோபாவிலும் தரையிலும் கோட்டுகளுக்குக் கீழேயும் இடம் பிடித்தார்கள். ஒரு மச்சான் தலைமேல் ஒரு கோட்டுக் கை விழுந்தது. அதை அவர் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சகலை. "பஞ்சு யாருக்கும் வேணுமா?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். கிணற்றுக்காகக் காத்திருந்தார்.

கிணறு வரவில்லை.

படத்தின் இருட்டில் யாரோ மூச்சுவிட்டார்கள். அந்த மூச்சு ஹாலின் நடுவில் வந்து நின்றது. காலடிச் சத்தம் இடது பக்கத்தில் புறப்பட்டு, சோபாவுக்குப் பின்னால் நடந்து, வலது பக்கம் போயிற்று. பிள்ளைகளின் தலைகள் அதோடு சேர்ந்து திரும்பின. "யாரும் அசையாதீங்க," என்று ஒரு குரல் ரகசியமாகச் சொன்னது. ஒரே ஒரு தடவை. சுத்தமாக. காதுக்குப் பக்கத்தில்.

யாரும் அசையவில்லை.

மாமியார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "பின்னாடி யாருடி?" என்றார் தன் மூத்த மகளிடம்.

"யாருமில்லம்மா. கோட்டு."

படத்தில் மழை பிடித்தது. முதலில் தூறல், தூரத்தில். பிறகு கூரைமேல். பிறகு நாலு பக்கமும். இளைய மச்சான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அசடு வழிந்தபடி திரும்பி வந்தார். யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். ஐந்து ஸ்பீக்கரையும் பார்த்தார். பிறகு சுவர்களைப் பார்த்தார். தடிமனான கம்பளி, உள்ளே கேன்வாஸ், அதற்கும் உள்ளே லைனிங். மூன்று மடிப்பு, நாற்பது கோட்டு. மெதுவாக எழுந்து ஓரமாகப் போய், கோட்டுகளுக்கு நடுவே மிக லேசாக ஒரு கைத்தட்டுத் தட்டினார். சத்தம் போன இடத்திலிருந்து திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வெளியேற்றியது மூட்டைகளை அல்ல, சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்த துணியை. செட்டில் ஒரு கோளாறும் இருந்ததே இல்லை. சிரிப்பு வந்தது. ஒரு கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். அதையும் கம்பளி குடித்துக்கொண்டது.

படம் முடிந்தபோது கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அந்த மழையை இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

போட்டார். மழை முடிந்ததும் காபி வந்தது. மாமியார் புது டம்ளரை வாங்கினார், குடித்தார், தூக்கிப் பார்த்தார். "டம்ளர் நல்லாருக்கே. இன்னும் கொஞ்சம் இருக்காடி?"

மனைவி உள்ளே ஓடினாள். அவள் அப்படி ஓடி மாஸ்டர் பார்த்ததே இல்லை.

"எங்க வீட்டு ஸ்பீக்கர் சுவத்துக்குள்ள இருக்கு," என்றாள் அக்கா. "சத்தமும் சுவத்துக்குள்ளயேதான் இருக்கு. இதான் சத்தம்."

சகலை எழுந்தார். மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தோத்துட்டேன் மாஸ்டர். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். காஜா எடுக்கற கைதான் கை."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சகலை," என்றார் மாஸ்டர்.

"அடுத்த ஞாயிறு?" என்றார் மூத்த மச்சான்.

"இதென்ன கேள்வி," என்றார் சகலை. "இனிமே எல்லா ஞாயிறும் இங்கதான். நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்லையா."

அன்று சாயங்காலமே சகலை வீட்டிலிருந்து ஒரு வண்டி வந்தது. எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய காபி பிளாஸ்க் ஒன்று. கூடவே அந்த ஸ்டூலும். 'எங்களுக்கு இனி எதற்கு' என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"பாரு, எவ்வளவு பெருந்தன்மை," என்றார் மாஸ்டர். "நான்தான் அவரைத் தப்பா நினைச்சுட்டேன்."

திங்களன்று கோட்டுகள் மில்லுக்குப் போயின. மாஸ்டர் அசரவில்லை. வெட்டுத் துணிகளை உள்ளே அடைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி, சுவருக்குச் சுவர் கனத்த திரைகள் தைத்து மாட்டினார். ஒவ்வொன்றையும் மாட்டியதும் கைத்தட்டிப் பார்த்தார். கடைசித் திரை ஏறியபோது ஹால் ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, அடுத்த படம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு சொந்தங்கள் போன தடவையைவிட முன்னாலேயே வந்துவிட்டார்கள். மூத்த மச்சான் தன் மாமனாரையும் மாமியாரையும் கூட்டிவந்திருந்தார். இளைய மச்சானின் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். கீழ்வீட்டுக்காரர் சொந்த நாற்காலியோடு வந்திருந்தார். மாமியார் கையில் ஒரு பை இருந்தது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே," என்றார். பிள்ளைகள் கட்டிலில் குதித்தார்கள். மனைவி பிளாஸ்க்கை நிரப்புவதும், அது காலியாவதும், மறுபடி நிரப்புவதுமாக இருந்தாள். முகம் வேர்த்திருந்தது, ஆனால் அதில் ஒரு சிரிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுல எப்பவுமே இப்படித்தான்," என்று ஆபீஸ் நண்பரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோபா நிறைந்துவிட்டது. மாஸ்டர் வாசல் பக்கம், செருப்புகளுக்கு நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆனாலும் இது அவருடைய வாசல், அவருடைய செருப்புக் குவியல். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கவனித்தார். சகலை வரவில்லை. அக்காவும் வரவில்லை.

"மனசுக்குள்ள வெச்சுக்கிட்டார் போல," என்றார் மனைவியிடம் தணிந்த குரலில். "என்னதான் வாயால ஒத்துக்கிட்டாலும், தோத்தவருக்கு வலிக்கும் இல்ல. நாமதான் கூப்பிடணும். ஜெயிச்சவன் இறங்கிப் போகணும்."

பெரிய மனசோடு போனை எடுத்து சகலை வீட்டுக்கு அடித்தார். வெகுநேரம் அடித்த பிறகு சகலையின் மகள் எடுத்தாள். அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பாகிட்ட கொடும்மா. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு சொல்லணும். அவர் வராம படம் ஆரம்பிக்க மாட்டேன்."

"எழுப்பினா என்னைக் கொன்னுடுவார் சித்தப்பா," என்றாள் அவள் கிசுகிசுப்பாக. "எத்தனையோ வருஷம் கழிச்சு அப்பாவும் அம்மாவும் இன்னிக்குத்தான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கறாங்க, உங்களை உசுப்பேத்தி அந்த செட்டை வாங்க வைக்கறதுக்குள்ள அவங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."